நட்பு ஆட்டமும் மதிய உணவும்: பெரிய மைதானம் யாருக்குத் திறக்கிறது?

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் நெடுஞ்சாலையில், வாழப்பாடிக்கு அருகே உள்ளது காட்டுவேப்பிலைப்பட்டி. பாக்குத் தோப்புகளும் மரவள்ளிக் காடுகளும் சூழ்ந்த அப்பகுதியில் 2020 பிப்ரவரியில் சேலம் கிரிக்கெட் பவுண்டேஷன் மைதானம் திறக்கப்பட்டது. அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி திறந்துவைத்த அந்நிகழ்வுக்கு ராகுல் திராவிட் வந்திருந்தார். 2022 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் அங்கு நடைபெறுகின்றன. மழையை நம்பிப் பிழைக்கும் சமவெளியில், கோடையிலும் பச்சை மாறாத புல்தரை என்பதே சுற்றுவட்டார மக்களுக்கு ஒரு காட்சிதான்.

லீக் ஆட்டத்தைக் காண அனுமதிச் சீட்டு போதும். சீட்டு வாங்குகிறவரிடம் வாயிற்காவலர் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. எனவே, ‘விளையாட்டில் சாதி ஏது?’ என்ற கேள்வி எளிதாக எழுகிறது. அதற்கு விடை தேட வேண்டிய இடம் லீக் ஆட்டமன்று. சீட்டு இல்லாத, கோப்பை இல்லாத, எந்த ஏட்டிலும் பதியப்படாத ஒரு வகை ஆட்டம் உண்டு. அதற்குப் பெயர் நட்பு ஆட்டம். மருத்துவர்கள் அணியும் வங்கி ஊழியர் அணியும் ஆடுவது. முன்னாள் மாணவர் சங்கங்கள் ஆடுவது. காவல்துறையும் வருவாய்த்துறையும் ஆடுவது. எங்கள் வழக்கறிஞர் சமூகமும் இதில் பின்தங்கியதில்லை; சட்டைப் பொத்தான் பிதுங்கும் வயதிலும் வெள்ளைச் சீருடை அணிந்து களமிறங்கும் மூத்த வழக்கறிஞர்களை எல்லா நீதிமன்ற வளாகங்களிலும் காணலாம். இந்த ஆட்டங்களை ஆடுகிறவர்கள் தேர்ச்சி பெற்ற வீரர்கள் அல்லர். ஆயினும் நல்ல மைதானம் இவர்களுக்குக் கிடைக்கிறது. தேர்ச்சி பெற்ற பந்துவீச்சாளன் ஒருவன் காலனித் தெருவிலிருந்து வந்து அதே மைதானத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டால் கிடைக்குமா? எந்தவொரு குறிப்பிட்ட மைதானத்தின் மீதும் குற்றம் சுமத்துவது என் நோக்கமன்று. மைதானம் என்பது பொதுவளமா, அழைப்பிதழா என்பதைச் சட்டத்தின் வழி விளக்குவதே நோக்கம்.

சென்னையில் இக்கேள்வி நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தது. சேப்பாக்கம் மைதானம் அப்போது வெள்ளையர்களின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் ஆளுகையில் இருந்தது. கிளப் 1846 இல் தொடங்கப்பட்டது. இந்தியருக்கு அதில் உறுப்பினராகும் உரிமை இல்லை. ஆட்டத்துக்கு அழைக்கப்பட்ட இந்திய ஆட்டக்காரர்கள் பெவிலியனுக்குள் அனுமதிக்கப்படாமல், மரத்தடியில் அமர்ந்து உணவு உண்ண நேர்ந்தது என்றும், அந்த அவமதிப்பே புச்சி பாபு நாயுடுவைத் தனிக் கிளப் தொடங்கத் தூண்டியது என்றும் தென்னிந்தியக் கிரிக்கெட் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. துபாஷிக் குடும்பத்தைச் சேர்ந்த செல்வந்தரான புச்சி பாபு, 1888 இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவினார். இந்தியர்களும் ஐரோப்பியர்களும் சமமாக மோதும் ஆட்டம் ஒன்றை ஏற்பாடு செய்வது அவருடைய கனவு. அந்த ஆட்டம் நடைபெறவிருந்த 1908 இல் அவர் இறந்தார். பின்னர் அதுவே பொங்கல் நாட்களில் சேப்பாக்கத்தில் நடைபெற்ற புகழ்பெற்ற பிரசிடென்சி ஆட்டமாக வளர்ந்தது. இன்றும் அவர் பெயரில் போட்டித்தொடர் நடத்தப்படுகிறது.

இக்கதையை நாம் பெருமையுடன் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அதில் ஒரு மௌனம் இருக்கிறது. மரத்தடி உணவு அவமானம் என்று உணர்ந்தவர்கள், அதே காலத்தில் தங்கள் வீடுகளிலும் ஊர்களிலும் யாரை மரத்தடியில் அமர்த்தினார்கள் என்ற கேள்வி அந்த வரலாற்றில் எங்கும் வருவதில்லை. நிறம் காரணமாகப் பெவிலியன் மறுக்கப்பட்டால் அது வரலாறு. சாதி காரணமாக மறுக்கப்பட்டால் அது வழக்கம். இந்த இரட்டை அளவுகோலைப் புரிந்துகொள்ள ஒரு மனிதரின் வாழ்க்கை போதுமானது.

பல்வங்கர் பாலு 1876 இல் தார்வாரில், தோல் தொழிலோடு பிணைக்கப்பட்டிருந்த தீண்டத்தகாதோர் எனப்பட்ட சாதி ஒன்றில் பிறந்தார். தந்தை படைத்துறையில் பணியாற்றினார். பாலு முதலில் புனாவில் பார்சி கிளப் ஒன்றின் ஆடுகளத்தைப் பெருக்கி உருட்டும் வேலை செய்தார். பிறகு ஐரோப்பியர்களின் புனா கிளப்பில் மாதம் நான்கு ரூபாய்ச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். வெள்ளை அதிகாரிகள் பயிற்சிக்காக அவரிடம் பந்து வீசச் சொன்னார்கள். இடக்கைச் சுழற்பந்து அவர் கையில் படிந்தது. ஆனால் மட்டையைப் பிடிக்கும் வாய்ப்பு அங்கு அவருக்குத் தரப்படவில்லை. மட்டை பிடிப்பது எசமானர்களின் வேலை; பந்து வீசுவது வேலைக்காரனின் வேலை.

ஐரோப்பியர்களை வெல்ல வேண்டும் என்ற ஆசை புனாவின் இந்து கிரிக்கெட் ஆட்டக்காரர்களுக்கு இருந்தது. அதற்கு பாலு தேவைப்பட்டார். நீண்ட தயக்கத்துக்குப் பின் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். களத்தில் ஒரே பந்தை எல்லோரும் தொட்டார்கள். பந்தில் தீட்டு ஒட்டவில்லை. தேநீர் இடைவேளை வந்ததும் நிலைமை மாறியது. மற்றவர்களுக்குப் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் தேநீர். பாலுவுக்கு வெளியே, குடித்துவிட்டு எறியும் மண் குவளையில் தேநீர். மதிய உணவும் தனியே. ராமச்சந்திர குஹா தம் கிரிக்கெட் வரலாற்று நூலில் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

கிரிக்கெட்டின் ஒரு தன்மையை இங்கே கவனிக்க வேண்டும். கால்பந்து ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆடியவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். கிரிக்கெட் அப்படியன்று. அது நாள் முழுவதும் நடக்கும். அதற்குள்ளேயே மதிய உணவும் தேநீரும் விதிகளாகவே எழுதப்பட்டுள்ளன. எனவே இந்த விளையாட்டு சாதியை இருமுறை எதிர்கொள்கிறது: ஆடும்போது ஒருமுறை, உண்ணும்போது மறுமுறை. ஆட்டத்தில் திறமைக்கு இடம் கொடுத்தவர்கள் உணவில் இடம் கொடுப்பதில்லை. அதனால்தான், போட்டித்தொடரைவிட நட்பு ஆட்டமே கடினமான சோதனை. போட்டித்தொடரில் வெற்றி தேவை, வெற்றிக்கு ஆள் தேவை. நட்பு ஆட்டத்தில் தேவைப்படுவது நட்பு மட்டுமே. அதாவது பந்தியில் ஓர் இடம்.

1911 இல் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் தலைமையில் முதல் அகில இந்திய அணி இங்கிலாந்து சென்றது. அது டெஸ்ட் தொடரன்று. இங்கிலாந்து கவுண்டி அணிகளோடும் பிற அணிகளோடும் ஆடிய நல்லெண்ணப் பயணம். அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. பாலு மட்டும் அப்பயணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். உலகின் மிகப் பெருமிதமான மைதானமாகக் கருதப்படும் லார்ட்ஸில், மேரிலெபோன் கிரிக்கெட் கிளப்புக்கு எதிராக அவர் பந்து வீசினார். புனாவில் பெவிலியனுக்கு வெளியே மண் குவளையோடு நிறுத்தப்பட்டவர் லார்ட்ஸில் இந்தியாவின் முதன்மைப் பந்துவீச்சாளராக நின்றார். அவர் நாடு திரும்பியபோது நடந்த பாராட்டு நிகழ்வில், அப்போது கல்லூரி மாணவராக இருந்த அம்பேத்கர் பங்கேற்றார். ஆயினும் தம் சொந்த அணிக்குத் தலைமை தாங்கும் தகுதி பாலுவுக்கு இறுதிவரை மறுக்கப்பட்டது. அவருடைய தம்பி விட்டல்தான் 1923 இல் இந்துக்கள் அணியின் தலைவரானார். அதுவும் கிளர்ச்சிக்குப் பின்னரே. பாலுவின் அரசியல் நிலைப்பாடுகளில் நமக்கு உடன்பாடில்லாதவை உண்டு. 1932 இல் அவர் எம்.சி. ராஜாவோடு சேர்ந்து அம்பேத்கரின் தனி வாக்காளர் தொகுதிக் கோரிக்கைக்கு எதிராக நின்றார். 1937 தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றார். அதற்காக மண் குவளை மறைந்துவிடாது.

சேலம், நாமக்கல் சமவெளி

இனி நம் மண்ணுக்கு வருவோம். இச்சமவெளியில் கிரிக்கெட் ஆடப்படும் இடங்கள் மூன்று வகை. நிலக்கடலை அறுவடை முடிந்த காடு. தண்ணீர் வற்றிய ஏரி. அரசுப் பள்ளி மைதானம். காடு பட்டாதாரருடையது, அவர் அனுமதித்தால்தான் ஆடலாம். இப்பகுதியில் நிலவுடைமை யார் கையில் இருக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஏரியும் பள்ளி மைதானமும் பொது. ஆனால் பொது என்று வருவாய்ப் பதிவேட்டில் எழுதியிருப்பதும், பொதுவாகப் புழங்குவதும் ஒன்றல்ல. ஞாயிறு காலை யார் முதலில் ஸ்டம்ப் ஊன்றுகிறார்கள் என்பதைவிட, யார் வந்தால் அந்த ஸ்டம்ப் பிடுங்கப்படும் என்பதே உண்மையான பதிவேடு.

டென்னிஸ் பந்துப் போட்டிகளில் வேறொரு நடைமுறை உள்ளது. நுழைவுக் கட்டணம் கட்டினால் எந்த அணியும் ஆடலாம். இரண்டு ஊர்கள் பணம் வைத்து ஆடும் பெட் மேட்சில், காலனியிலிருந்து வேகப்பந்து வீசுபவனை வண்டி அனுப்பி அழைத்துச் செல்வதும் உண்டு. அவனுக்கு ‘கெஸ்ட் பிளேயர்’ என்று பெயர். ஆட்டம் முடிந்து வெற்றி விருந்து நடக்கும்போது அந்தக் ‘கெஸ்ட்’ எங்கே அமர்கிறான் என்று கேட்டுப் பாருங்கள். பாலுவின் புனா அவ்வளவு தொலைவில் இல்லை.

இதே சமவெளி ஒரு மாற்றுக் காட்சியையும் தந்திருக்கிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் நெசவுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, இருபது வயதுவரை டென்னிஸ் பந்திலேயே ஆடிய நடராஜன், 2020 டிசம்பரில் ஒருநாள் மற்றும் டி20 ஆட்டங்களிலும் 2021 சனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். ஒரே பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். தம் ஊரிலேயே ஒரு மைதானத்தை அமைத்தார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் அதைத் திறந்துவைத்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் புல்தரை வேண்டும் என்று ஒரு வீரர் தம் வருமானத்தைச் செலவிட்டது மகிழ்ச்சிக்குரியது. அதே வேளை, அது தனி மனிதர் ஒருவரின் பெருந்தன்மை. பெருந்தன்மையை உரிமையாகக் கோர முடியாது.

நம் மாவட்டங்களில் சாதிய விலக்கம் என்றால் கோயில்தான் நினைவுக்கு வருகிறது. 2023 சனவரியில் சேலம் திருமலைகிரியில் கோயிலுக்குள் சென்ற பட்டியல் சாதி இளைஞரை, அப்போதைய ஆளுங்கட்சியின் உள்ளூர் நிர்வாகி ஊரார் முன்னிலையில் இழிவாகப் பேசிய காணொலி மாநிலம் முழுவதும் பேசப்பட்டது, கைதும் நடந்தது. 2024 மே மாதத்தில் தீவட்டிப்பட்டியில் கோயில் வழிபாட்டு உரிமை தொடர்பாக மோதல் வெடித்தது. மைதானம் மறுக்கப்படும்போது இப்படி எதுவும் நடப்பதில்லை. பிள்ளைகள் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வேறு இடம் தேடிப் போய்விடுகிறார்கள். புகார் இல்லை, வழக்கு இல்லை, செய்தி இல்லை. பெரியவர்களும் ‘விளையாட்டு விசயம்தானே, விடு’ என்கிறார்கள். விளையாட்டு விசயம் எதுவரை செல்லும் என்பதை 2023 ஜூனில் குஜராத் மாநிலம் பாட்டன் மாவட்டத்தின் காகோஷி கிராமம் காட்டியது. பள்ளி மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு தலித் சிறுவன் பந்தை எடுத்தான். அதற்காக ஏசப்பட்டான். தட்டிக்கேட்டதன் விளைவாக அவனுடைய உறவினர் ஒருவரின் கட்டைவிரல் வெட்டப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது உறுப்பை மாணவர்கள் பலரும் முதல் உட்பிரிவோடு நிறுத்திவிடுகிறார்கள். முதல் உட்பிரிவு, அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. இரண்டாம் உட்பிரிவு அரசைப் பற்றிப் பேசவில்லை. எந்தக் குடிமகனும் சாதி முதலிய காரணங்களால் கடைகள், பொது உணவகங்கள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றுக்குள் செல்வதில் தடைக்கு உள்ளாகக் கூடாது என்கிறது. அரசு நிதியால் முழுமையாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் கிணறு, குளம், சாலை, பொதுப்புழக்க இடம் ஆகியவற்றுக்கும் அதே விதி. தடை விதிப்பவர் தனி நபராக இருந்தாலும் இந்த உறுப்பு பொருந்தும். இந்த உட்பிரிவில் வரும் ‘கடை’ என்ற சொல்லை விரிந்த பொருளில் கொள்ள வேண்டும் என்று 2011 இல் இந்திய மருத்துவச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. அதன் 2ஆம் பிரிவு ‘பொதுக் கேளிக்கை இடம்’ என்பதற்கு, பொதுமக்கள் அனுமதிக்கப்படுகிற, கேளிக்கை நடைபெறுகிற எந்த இடமும் என விளக்கம் தருகிறது. கேளிக்கை என்பதில் ஆட்டமும் விளையாட்டும் அடங்கும் என்று விளக்கக் குறிப்பு வெளிப்படையாகச் சொல்கிறது. ஆக, பொதுமக்கள் அனுமதிக்கப்படும் கிரிக்கெட் மைதானம் இச்சட்டத்துக்குள் வருகிறது. தீண்டாமையின் அடிப்படையில் அங்கு நுழையத் தடை விதிப்பது 4ஆம் பிரிவின்கீழ் குற்றம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், அச்செயல் தீண்டாமையின் அடிப்படையிலேயே நிகழ்ந்தது என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ள வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு; அப்படி இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை எதிர்த்தரப்புக்கு உரியது. நடைமுறையில் பலரும் மறந்துவிட்ட வலுவான பிரிவு இது. தண்டனைதான் வலுவில்லாதது: ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். நல்ல தோல் பந்து ஒன்றின் விலைகூட அந்த அபராதம் தேறாது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015 இல் கொண்டுவரப்பட்டு 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்தக் குறையை ஓரளவு நீக்கியது. 3(1) பிரிவின் ‘இசட்-ஏ’ உட்பிரிவு, ஒரு பகுதியின் பொதுச் சொத்து வளங்களைப் பிறரோடு சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. ஏரிப் புறம்போக்கில் ஆடும் பிள்ளைகளின் வழக்கை இதன்கீழ் வாதிடலாம். அதே உட்பிரிவு, பொதுக் கேளிக்கை இடத்திலோ வேறு எந்தப் பொது இடத்திலோ நுழைவதைத் தடுப்பதையும், பொதுமக்களுக்குத் திறந்த இடத்தில் பொதுப் பயன்பாட்டுக்கான பாத்திரங்களையும் பொருட்களையும் பயன்படுத்துவதைத் தடுப்பதையும் குற்றம் என்கிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை. பாலுவின் மண் குவளைக்கு நூறாண்டு தாண்டி எழுதப்பட்ட பிரிவு என்று இதைச் சொல்லலாம்.

‘பொருட்கள்’ என்ற அச்சொல்லை நம் ஊர்களில் இப்போதே பயன்படுத்த வேண்டியுள்ளது. 2024 இல் தமிழ்நாடு அரசு ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பை வழங்கத் தொடங்கியது. மட்டையும் பந்தும் ஊராட்சியின் சொத்து. அவற்றை வைத்திருக்கும் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது? கேட்டால் ‘பசங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க’ என்ற பதில் வரும். எந்தப் பசங்க என்பதே கேள்வி. அரசுப் பணத்தில் வாங்கிய மட்டை ஊர்த்தெரு இளைஞர் மன்றத்தின் சொத்தாக மாறிப் போயிருந்தால், அது நிர்வாகக் குறைபாடு மட்டுமன்று. காலனி இளைஞர்களுக்கு அது மறுக்கப்பட்டால் சட்டக் குற்றமும் ஆகும். தெரிந்தே கடமை தவறும் அரசு ஊழியருக்கு அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு இருக்கிறது.

மைதானத்தில் சாதிப் பெயர் சொல்லி ஏசினால் 3(1) பிரிவின் ‘ஆர்’, ‘எஸ்’ உட்பிரிவுகள் பொருந்தும். அந்த ஏச்சு பொதுமக்கள் பார்வையில் நிகழ்ந்திருக்க வேண்டும் என்பதை 2020 இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. திறந்த மைதானத்தில் இதில் சிக்கலில்லை. உடை மாற்றும் அறைக்குள், வெளியாள் எவரும் இல்லாதபோது ஏசியிருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நிச்சயம் அந்த வாசலைப் பிடித்துக்கொள்வார். எனவே புகார் எழுதும்போது யார் யார் அங்கே நின்றார்கள், எவ்வளவு தொலைவில், யார் காதில் விழுந்தது என்பதை முதலிலேயே எழுதுங்கள். முதல் தகவல் அறிக்கைக்கு முன் ‘விசாரித்துப் பார்க்கிறோம்’ என்று காவல் நிலையம் சொன்னால், 2018 இல் சேர்க்கப்பட்ட 18-ஏ பிரிவைச் சுட்டிக்காட்டுங்கள், முன்விசாரணை தேவையில்லை. புலனாய்வு அதிகாரி துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும்.

சட்டத்தின் எல்லையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஓர் அணி தன் நட்பு ஆட்டத்துக்கு நம்மை அழைக்கவில்லை என்பதற்காக யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. நட்பைச் சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியாது, முடியவும் கூடாது. ஆனால் மைதானத்தை ஒதுக்குவது நட்பு அன்று. அது வளப் பங்கீடு. இந்த இரண்டையும் குழப்புவதில்தான் ஆதிக்கத்தின் வசதி இருக்கிறது. ‘இது எங்கள் தனிப்பட்ட ஆட்டம்’ என்று சொல்லும் அணி, அரசு நிலத்திலோ, அரசு நிதியில் பராமரிக்கப்படும் அரங்கிலோ ஆடும்போது, ஆட்டம் தனிப்பட்டதாக இருக்கலாம். மைதானம் தனிப்பட்டதாக இருக்க முடியாது. சேப்பாக்கம் மைதானத்தின் நிலமே அரசுக்குச் சொந்தமானது. கிரிக்கெட் சங்கம் குத்தகைதாரர் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

முற்றிலும் தனியார் நிலத்தில், தனியார் பணத்தில் அமைந்த மைதானம் என்றால்? அங்கும் பொதுமக்களை அனுமதிக்கும் நாளில் மேற்சொன்ன சட்டங்கள் பொருந்தும். மற்ற நாட்களில் யாருக்கு ஒதுக்குவது என்பதில்தான் கடினம். 2005 இல் ஜீ டெலிபிலிம்ஸ் வழக்கில், இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் 12ஆவது உறுப்பின்படி ‘அரசு’ அன்று என்று உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை தீர்ப்பளித்தது. ஆனால் அது பொதுப்பணி ஆற்றுவதால் 226ஆவது உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தின் நீதிப்பேராணைக்கு உட்பட்டது என்றும் கூறியது. 2015 இல் பீகார் கிரிக்கெட் சங்க வழக்கில் இந்நிலை உறுதிப்பட்டது. வாரியத்தின் குடைக்கீழ் இயங்கும் மாநில, மாவட்டச் சங்கங்களும் மாவட்டக் கிரிக்கெட்டை நிர்வகிக்கும் பொதுப்பணியையே செய்கின்றன. எனவே அவை ஒரு சமூகத்தாரை முற்றாக ஒதுக்கினால் உயர் நீதிமன்றத்தில் வாதிட இடமுண்டு என்பது என் கருத்து. இதுவரை அத்தகைய வழக்கைக் கொண்டுசெல்ல நம்மில் யாரும் முனைந்ததாக என் பார்வைக்கு வரவில்லை.

வேறொரு நாட்டின் அனுபவம் இங்கே உதவும். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் அமைத்த சுயேச்சை ஆணையம், நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் கருத்துக் கேட்டு 2023 ஜூனில் அறிக்கை வெளியிட்டது. இனவாதமும் பாலினப் பாகுபாடும் வர்க்க மேட்டிமையும் அந்நாட்டு கிரிக்கெட்டில் பரவிக் கிடக்கின்றன என்றது. அதன் பரிந்துரைகளில் ஒன்று ஒரு நட்பு ஆட்டத்தைப் பற்றியது. ஈட்டன், ஹாரோ என்னும் இரண்டு செல்வந்தர் பள்ளிகள் 1805 முதல் லார்ட்ஸில் மோதி வருகின்றன. ஆண்டுதோறும் அந்தப் பெரிய மைதானம் அவ்விரு பள்ளிகளுக்குக் கிடைப்பது ஏன் என்று ஆணையம் கேட்டது. அதற்குப் பதிலாக அரசுப் பள்ளிகளின் இறுதிப் போட்டிகளை அங்கே நடத்தச் சொன்னது. கிளப் நிர்வாகம் அதற்கு முன்பே அந்த ஆட்டத்தை நிறுத்த முயன்று, உறுப்பினர்களின் எதிர்ப்பால் பின்வாங்கியிருந்தது. ஓர் அமெச்சூர் ஆட்டத்துக்கு எந்த மைதானம் தரப்படுகிறது என்பது சமூக நீதிக் கேள்வி என்பதை அங்கே அரசும் கிளப்பும் செய்தித்தாள்களும் ஒத்துக்கொண்டு விவாதித்தன. இந்தியாவில் சாதியை முன்வைத்து இப்படி ஓர் ஆணையம் அமைக்கப்படவே இல்லை.

ஆணையம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, அரசிடம் நிலமோ பணமோ மானியமாகப் பெற்ற வழிபாட்டிடம், கல்வி நிறுவனம், விடுதி ஆகியவற்றின் நிர்வாகி இச்சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்டால், அம்மானியத்தை நிறுத்தவோ திரும்பப் பெறவோ அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. அப்பட்டியலில் விளையாட்டுக் கிளப் இல்லை. சட்டத் திருத்தத்துக்கு ஒன்றிய அரசிடம் போக வேண்டும். ஆனால் குத்தகை ஒப்பந்தத்தில் அதே நிபந்தனையை எழுத மாநில அரசுக்கு யார் அனுமதியும் தேவையில்லை. அரசு நிலம் பெறும் எந்த விளையாட்டுச் சங்கமும் ஆண்டில் குறிப்பிட்ட நாட்களை அரசுப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, ஊராட்சி அணிகளுக்கு ஒதுக்க வேண்டும். மறுத்தால் குத்தகை ரத்து. இரண்டே வரியில் முடியும் நிபந்தனை இது.

அதற்கு முன் கணக்கு வேண்டும். சேலம் மகாத்மா காந்தி விளையாட்டு அரங்கம் போன்ற அரசு அரங்குகளுக்கு, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலகத்தில் பொதுத் தகவல் அலுவலர் இருக்கிறார். கடந்த மூன்று ஆண்டுகளில் மைதானம் எந்தெந்த நாட்களில் தனியார் அணிகளுக்கும் அமைப்புகளுக்கும் ஒதுக்கப்பட்டது, பெறப்பட்ட கட்டணம், கட்டண விலக்கு அளிக்கப்பட்டவர்கள், நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள், நிராகரிப்புக்கான காரணம் ஆகியவற்றைப் பதிவேட்டின் நகலோடு கேளுங்கள். ஊராட்சியில் கேட்பதாக இருந்தால், உபகரணத் தொகுப்பு பெறப்பட்ட நாள், இருப்புப் பதிவேடு, வழங்கல் பதிவேடு ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதியைக் கேட்க வேண்டாம். பெயர்களும் தெருக்களும் போதும். மனுவில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். பதில் முப்பது நாட்களுக்குள் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு.